பளபளப்பு போதும்

சோரியாங்குப்பம் ஹேமலதா தேய்த்த பாத்திரத்தில் முகம் பார்க்கலாம். கணவன் பாலாஜி கழுவி வைத்ததையும் மறுபடி தேய்ப்பாள். கம்பெனியிலும் அதே கைதான். இரும்புப் பல்சக்கரத்தில் புள்ளிகளாகக் குத்தியிருக்கும் குறியீட்டை ஸ்கேனர் படிக்காவிட்டால், துணியால் அழுத்தித் துடைப்பாள். துடைக்கத் துடைக்க ஸ்கேனர் இன்னும் அடம்பிடிக்கும்.

"இன்னா நோவு வந்துச்சு உனக்கு!" என்று ஸ்கேனரைத் திட்டுவாள். சக்கரம் தேங்கினால் பழி தன்மேல் விழுமோ என்ற பயம் வேறு.

நேற்று சூப்பர்வைசர் புவனேஸ்வரி, ஸ்கேனருக்கு நேர் மேலே இருந்த விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி மாட்டினாள். "பளபளப்புல நேரா வெளிச்சம் அடிச்சா அதுக்குக் கண்ணு கூசுதுக்கா. சாய்ச்சு அடிச்சா குழியில நிழல் வுழும், படிச்சிடும்."

துடைக்காத சக்கரத்துக்கே 'பீப்' என்றது. ஹேமலதாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சாயங்காலம் பாலாஜி கழுவிய சட்டியைக் கையில் எடுத்தாள். அவன் திட்டு வாங்கத் தயாராக நின்றான்.

"இதுவே போதும்பா."