சிவப்புக் கற்களுக்கு அப்பால்

பல்கலைக்கழகப் படிப்பில் ஓர் அரையாண்டை எங்கள் நாட்டில் கழிக்க வந்த அந்த வெளிநாட்டு மாணவி, விசுவமடுவில் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தாள். வெயிலில் சிவந்த மூக்கு, நீண்ட எட்டு வைக்கும் நடை. மரத்தடியில் குங்குமம் பூசிய கல் எதைக் கண்டாலும், செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டே கிட்டப் போவாள்.

மழை விட்ட ஒரு காலையில் அவளைக் காணாமல் தேடிப் போனேன். காட்டோரம் வரிசையாகச் சிவப்பு பூசிய கற்கள். மண்டையோடு வரைந்த பலகை மழைக்கு விழுந்து கிடந்தது. கற்களுக்கு இப்பால் அவளுடைய இரண்டு செருப்புகள். அப்பால், பாலை மரத்தடியில், அவள்.

"பிள்ளை, அசையாதை!" என்று கத்தினேன். "வந்த காலடியிலயே கால் வைச்சுத் திரும்பி வா."

"ஏன் ஐயா? இது கோயில்தானே?"

"கோயில் இல்லையம்மா, கண்ணிவெடி. அந்தச் சிவப்புக் கல்லு அதுக்கான எச்சரிக்கை. இன்னும் எடுத்து முடியேல்லை."

ஈர மண்ணில் தன் தடங்களைப் பார்த்துப் பார்த்து வந்தாள். எதையும் ஒன்று, இரண்டு என எண்ணும் பழக்கமுள்ள எனக்கு அந்த அடிகளை எண்ணப் பயமாக இருந்தது. எட்டியதும் கையைப் பிடித்து இழுத்தேன்.

செருப்பைப் போடாமலே அவள் திரும்பி நின்று, அந்த நிலத்தைக் கும்பிட்டாள். யாரைக் கும்பிட்டாள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.