தேவாரத்தோடு முடிந்த தேர்வு

இன்று கெல்சென்கிர்ச்சன் நகர டிராமில், எங்கள் கோயிலுக்கு வரும் சாந்தியையும் அவர் மகள் அபிநயாவையும் கண்டேன். சர்வதேசச் சிறுவர் பாடல் போட்டியில் ஜெர்மனிக்காகப் பாடும் பிள்ளையைத் தெரிவுசெய்யும் தேர்வுக்குச் சென்று திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

“எப்படிப் போனது?” என்று கேட்டேன்.

“தேவாரம் பாடித் தொடங்கு எண்டு நான்தான் சொன்னனான், ஐயா. அது முடியவே குடுத்த நேரம் முடிஞ்சுது. ஜெர்மன் பாட்டைப் பாட விடேல்லை,” என்று தாய் விம்மினார்.

“இனி நான் ஒரு இடத்திலயும் பாடமாட்டன்,” என்றாள் சிறுமி.

“இறைவன் கேட்டிருப்பான், அம்மா,” என்றேன்.

“அவர் ஜூரியில இல்லையே, தாத்தா.”

திருமுறை ஓதியே நரைத்தவன் கேட்கிறேன். இதற்கு மறுமொழி அறிந்தவர்கள் கீழே எழுதியருளுங்கள். வெள்ளிக்கிழமைப் பூசையில் தேவாரம் பாடுவதற்கு அவளைத்தான் ஒழுங்குசெய்திருக்கிறோம்.