கடைசி வரிக்கு நல்ல நேரம்

அனந்தராமன் மாமாவைத் திட்டிய அளவுக்கு நான் என் புருஷனைக்கூடத் திட்டியதில்லை.

இன்சூரன்ஸ் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டிவிட்டு ரிட்டையர் ஆனவர். மயிலாப்பூர் சித்திரக்குளத்துக்கு அடுத்த தெருவில் வீடு. மனிதருக்கு ஒரே பைத்தியம், உலகப் பொருளாதாரத்தைத் திருத்தி எழுதுவது. கம்பெனிகள் போட்டி போடுவதால்தான் ஒரே வேலையைப் பத்துப் பேர் பத்துத் தடவை செய்கிறார்கள், அத்தனையும் வீண் உழைப்பு என்பது அவர் கட்சி. இதை இங்கிலீஷில் நாற்பது பக்கம் எழுதி, பதினேழு வருஷமாகப் பத்திரிகைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். போன வேகத்தில் திரும்பி வந்துவிடும்.

மந்தைவெளியில் நான் டி.டி.பி. கடை வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகைதான் முக்கிய வேலை. தொண்ணூற்றெட்டில் இன்டர்நெட் பக்கம் செய்யவும் கற்றுக்கொண்டு, கடை போர்டில் அதையும் எழுதி வைத்தேன். அதைப் படித்துவிட்டு, தன் நாற்பது பக்கத்தையும் இன்டர்நெட்டில் ஏற்றவேண்டும் என்று முதல் ஆளாக உள்ளே வந்தவர் மாமாதான். என் போதாத காலம்.

அப்போது இரண்டு கம்பெனிக்காரர்கள் ஆளுக்கொரு பிரவுசரை வைத்துக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றில் நடுவில் நிற்கிற படம் இன்னொன்றில் ஓரத்துக்கு ஓடிவிடும். ஒரே பக்கத்தை இரண்டுக்கும் தனித்தனியாகச் சரிசெய்து எனக்குக் கண் பூத்துப்போகும். இதைச் சொல்லி அழுதால் மாமாவுக்குச் சந்தோஷம் தாங்காது. "இதைத்தானே நான் கத்திண்டிருக்கேன்!" என்பார். என் கழுத்து வலி அவருக்கு ஓர் உதாரணம், அவ்வளவுதான்.

வேலை முடியப்போன நாள் செவ்வாய்க்கிழமை. மணி மூன்றரை. இன்னும் ஒரே ஒரு வரிதான் பாக்கி.

"நிறுத்து கோமளம், ராகு காலம். கடைசி வரியை நாளைக்குக் காலம்பற நல்ல நேரத்துல போட்டுக்கலாம்."

"உலகத்தையே மாத்தப் போறேள், ராகு காலமா மாமா?"

"அது வேற, இது வேற."

பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் எல்லாரும் நேரம் பார்க்கிறவர்கள்தான். எனக்கும் அது பழகிப்போயிருந்தது. சரி என்று விட்டுவிட்டேன். அந்தக் கடைசி வரி படிக்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. மேலே திறந்த கட்டத்தைக் கீழே மூடுகிற குறி, அவ்வளவுதான். அது இல்லாவிட்டாலும் நான் வழக்கமாகப் பார்க்கிற பிரவுசர் தானே மூடிக்கொண்டு பக்கத்தை முழுசாகக் காட்டியது. தை மாதக் கல்யாண வேலை நெரிசலில் நான் அந்த வரியை மறந்தே போனேன். இன்னொரு பிரவுசரில் போட்டுப் பார்க்கவும் இல்லை. அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த வாரம் டெல்லியிலிருந்து மாமாவுக்குக் கடிதம் வந்தது. மாற்றுப் பொருளாதார மாநாடு ஒன்றுக்குப் பேச்சாளர்களைத் தேர்ந்தெடுக்கும் டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி என்ற அம்மாள் சனிக்கிழமை தரமணியில் ஒரு இன்ஸ்டிட்யூட்டுக்கு வருகிறாராம். இரண்டரை மணிக்கு ஏர்போர்ட் கிளம்புவதற்குள் வந்து கட்டுரையை அங்கே கம்ப்யூட்டரில் காட்டினால் பார்ப்பாராம். பதினேழு வருஷத்தில் மாமாவை 'வா' என்று கூப்பிட்ட முதல் கடிதம். இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

தரமணியில் இருந்த கம்ப்யூட்டரில் அந்த இன்னொரு பிரவுசர். மாமாவின் நாற்பது பக்கமும் வெள்ளைவெளேரென்று வெறும் திரையாக நின்றது. அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

என்ன விட்டுப்போயிற்று என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. பையிலிருந்த ஃப்ளாப்பியைப் போட்டு, கோப்பைத் திறந்து, கடைசிக்குப் போனேன். மணி இரண்டு ஐந்து.

"மூணு மணி வரைக்கும் எமகண்டம்மா" என்று என் காதில் முணுமுணுத்தார் மாமா.

நான் முறைத்த முறைப்பில், "சரி சரி, போடு" என்றார்.

ஒரு வரிதான். பக்கம் பளிச்சென்று வந்தது. டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி உட்கார்ந்து, தலையை ஆட்டி ஆட்டிப் படித்தார். பிறகு திரும்பி, "மொதல்ல ஏன் வரல?" என்று கேட்டார்.

நான் முந்திக்கொண்டேன். "ரெண்டு கம்பெனி போட்டி மேடம். ஒண்ணுல வர்றது இன்னொண்ணுல வராது. எல்லாத்தையும் ரெண்டு தடவை செய்யணும்."

பொதுவாக அது நிஜம்தான். அன்றைக்கு மட்டும் பொய்.

அந்த அம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. "பிரமாதம்! உங்க கட்டுரைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது சார். மேடையில இதையே சொல்லுங்க. உங்க பேரை எழுதிக்கறேன்" என்று பேனாவைத் திறந்தார்.

மாமா வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஒரே ஒரு நிமிஷம்.

"இல்லம்மா" என்றார். "இன்னிக்குப் பக்கம் வராததுக்குக் கம்பெனி காரணமில்ல. கடைசி வரியை எழுதவிடாம நான்தான் ராகு காலம் பார்த்தேன்."

பேனா மூடிக்கொண்டது. "யோசிச்சுட்டு லெட்டர் போடறேன்" என்று சிரித்தபடி எழுந்துவிட்டார் அந்த அம்மாள்.

பஸ் ஸ்டாப்பில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "பதினேழு வருஷம் மாமா! ஒரு நிமிஷம் சும்மா இருந்திருக்கப்படாதா? நான் சொன்னதுல முக்காவாசி நிஜம்தானே?"

"பொய் சொல்லிச் சரக்கு விக்கறதுக்கு நான் எதுக்கு கோமளம்? அதான் அத்தனை கம்பெனியும் பண்ணிண்டிருக்கே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே இன்னும் கொஞ்சம் திட்டினேன்.

டெல்லியிலிருந்து கடிதம் வரவேயில்லை. ஆனால் திங்கட்கிழமை காலையிலேயே மாமா கடைக்கு வந்துவிட்டார். நாற்பத்தோராவது பக்கமாம், சேர்க்கவேண்டுமாம். தரமணியில் நடந்ததைத் தன் தப்போடு அப்படியே எழுதியிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் அடித்து, இரண்டு பிரவுசரிலும் போட்டுப் பார்த்தேன்.