இட்லிக் குண்டானுக்குள் நான்கு போன்கள்

ரத்தினபாய் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். அப்பா இறந்தபோது அவளுக்குப் பதின்மூன்று, தம்பி ஆபேலுக்கு ஐந்து. வீட்டில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தாள். பதினெட்டு முடிந்ததும் தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் வளாகத்துக்குள் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் சேர்ந்தாள். நூல் வெட்டும் வேலையில் ஆரம்பித்து, செக்கிங் மேசைக்கு வந்து, அங்கேயே இருபத்தாறு வருடம் ஆகிவிட்டது. வெளிநாட்டுக்குப் போகிற சட்டையில் ஒரு தையல் தப்பியிருந்தாலும் அவள் விரல் அங்கே போய் நின்றுவிடும்.

தம்பி எம்.எஸ்ஸி., பி.எட். முடித்துக் கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார் ஆனான். இருவருக்கும் கல்யாணப் பேச்சு தள்ளிப் போய்த் தள்ளிப் போய் அப்படியே நின்றுவிட்டது. ஊரப்பாக்கத்தில், ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில், முதல் மாடி வீடு. சர்ச்சில் யாராவது ரத்தினபாயிடம் பேச்சுக் கொடுத்தால் மூன்றாவது வாக்கியத்தில் "எங்க ஆபேல்" வந்துவிடும்.

ஆபேலுக்கு ஒரே பைத்தியம் துப்பறியும் படம். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அவர்கள் வீட்டு ஹாலில் படம் ஓடும். எதிர் வீட்டுத் தனசேகர் வருவான். அவன் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். அடுத்த தெரு விக்கி வருவான். அவன் ஏ.சி. மெக்கானிக். ரத்தினபாய் அடுப்படி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கீரை ஆய்ந்துகொண்டே பார்ப்பாள்.

"தியேட்டர்ல பாக்குறது வேற, வூட்டுல பாக்குறது வேற சார்," என்பான் விக்கி. "அங்க பயம் வந்தா பக்கத்துல முந்நூறு பேர் கீறாங்க. வூட்டுல இன்னா கீது? பாத்ரூம் கதவுதான் கீது."

"கொலைகாரன் யாருன்னு தெரிஞ்ச பிறகும் ரெண்டாவது தடவை பார்க்கத் தோணணும்," என்பான் ஆபேல். "அதான் வீட்டுல பார்க்க வேண்டிய படம். மத்ததெல்லாம் பஸ்ல பார்க்கிறது."

தனசேகருக்குப் போலீஸ் ஸ்டேஷன் உள்ளே நடக்கும் படங்கள்தான் பிடிக்கும். டீ குடித்துக்கொண்டு, ஃபைல் புரட்டி, சாட்சியைத் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி கேட்கும் படங்கள். "அது ஆபீஸ் வேலைடா, அதுல என்ன இருக்கு," என்று ஆபேல் கிண்டல் செய்வான். "அதுலதான் மச்சான் ஆளு மாட்டுவான்," என்பான் தனசேகர்.

ஒருமுறை ஒரு கன்னடப் படம். செத்துக் கிடக்கிறவனின் சட்டை மார்பை ஒரு நொடி காட்டினார்கள். ரத்தினபாய் கீரையிலிருந்து தலை தூக்கி, "மேல மூணு பொத்தான்ல நூல் குறுக்க போயிருக்கு, நாலாவதுல நேரா போயிருக்கு. அது வேற கை தைச்சது," என்றாள். ஒன்றரை மணி நேரம் கழித்து இன்ஸ்பெக்டர் அதையே சொன்னார். விக்கி எழுந்து நின்று கும்பிட்டான். "எங்க அக்கா," என்றான் ஆபேல். அந்த இரண்டு சொல்லை ரத்தினபாய் ஒரு வாரம் வைத்துக்கொண்டு திரிந்தாள்.

படத்துக்கு ஆபேல் ஒரு சட்டம் போட்டிருந்தான். படம் ஆரம்பிக்கும் முன் எல்லோருடைய போனும் இட்லிக் குண்டானுக்குள் போக வேண்டும். மூடி போட்டு அடுப்படி மேடையில் வைத்துவிட வேண்டும். படம் முடிகிறவரை யாரும் மூடியைத் தொடக் கூடாது. அணைத்துப் போட வேண்டும் என்பதும் சட்டத்தில் உண்டு. ஆபேல் மட்டும், பள்ளியிலிருந்து கூப்பிடுவார்கள் என்று, சத்தத்தை நிறுத்தி அதிர்வில் விட்டிருப்பான். கூப்பிட்டாலும் படம் முடிந்துதான் பார்ப்பான். "எங்க வீட்டுல போன்கூட ஆபேல் சொன்னா வாயை மூடிக்கும்," என்று ரத்தினபாய் சர்ச்சில் சொல்லியிருக்கிறாள்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தெலுங்குப் படம். லிஃப்டுக்குள் ஒரு பிணம், ஆறு மாடி, மாடிக்கு ஒரு குடும்பம்.

தனசேகரின் அம்மா அங்காளம்மாளுக்கு அப்போது மறதி நோய் முற்றியிருந்தது. அனகாபுத்தூரில் ஆற்றோரத்தில் குடியிருந்த குடும்பம். வெள்ளத்துக்குப் பிறகு ஊரப்பாக்கம் வந்தவர்கள். அந்தம்மாள் மட்டும் மனதால் அங்கேதான் இருந்தாள். சாயங்காலம் ஆனால், "வூட்டுக்குப் போணும்" என்று புடவையைச் செருகிக்கொள்வாள். அன்று தனசேகரின் மனைவி சரிதா அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அங்காளம்மாள் சாப்பிட்டுத் தூங்கினாள். தனசேகர் முன்கதவைப் பூட்டிவிட்டு எதிர் வீட்டுக்குப் படம் பார்க்க வந்தான். பின்கதவுத் தாழ்ப்பாளை மறந்துவிட்டான்.

ஸ்டேஷன் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஜெயவேலு அந்தம்மாளைத் தனியாகப் பார்த்தார். தனசேகரின் அம்மா என்று முகம் தெரியும், தனசேகரின் நம்பர் தெரியாது. வினாத்தாள் எடுக்க வரும் ஆபேலின் நம்பர் இருந்தது. அந்தம்மாளை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, நாலு முப்பத்திரண்டுக்குக் கூப்பிட்டார். நாலு முப்பத்தைந்துக்குக் கூப்பிட்டார். நாலு நாற்பத்தொன்றுக்கும் கூப்பிட்டார். அப்புறம் கடைக்கு ஆள் வந்தது. நகல் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் ஸ்டூல் காலி.

படம் முடிந்தது நாலு ஐம்பதுக்கு.

அங்காளம்மாள் ரயில் ஏறினாளா, ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடந்தாளா, எந்தப் பக்கம் போனாள் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். பல்லாவரம் வரை நோட்டீஸ் ஒட்டினார்கள். தனசேகரோடு ரத்தினபாய் பதினோரு காப்பகம் ஏறி இறங்கினாள். எதிலும் பலன் இல்லை.

தனசேகர் பின்கதவைச் சொல்லிச் சொல்லி அழுதான். ஆபேல், "நான் போட்ட சட்டம்தானே," என்றான். டி.வி. சத்தத்தில் போன் அதிர்ந்தது யாருக்கும் கேட்கவில்லை என்பது எல்லோரும் ஒத்துக்கொண்ட சங்கதி ஆயிற்று. ஆபேல் அதன் பிறகு படம் பார்க்கவில்லை. டி.வி. மேல் ஒரு துண்டு போட்டுவிட்டான்.

ரத்தினபாய்க்குக் கேட்டிருந்தது.

முதல் தடவை ஃபிரிட்ஜ் என்று நினைத்தாள். இரண்டாவது தடவை தெரிந்துவிட்டது. குண்டான் கைக்கு எட்டும் தூரத்தில் மேடைமேல் இருந்தது. அலுமினியம் கல்லின்மேல் உர்ரென்று இழுத்தது. ஹாலில் ஐந்தாவது மாடிக்காரன் மாட்டிக்கொள்ளப் போகிற கட்டம். தம்பி முன்னால் சாய்ந்து, வாயைத் திறந்து, சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். அவள் சத்தமில்லாமல் எழுந்தாள். பிடிதுணியை நான்காக மடித்து, குண்டானைத் தூக்கி, அதன் அடியில் வைத்தாள். மூன்றாவது தடவை சத்தம் வெளியே வரவில்லை. மூடிமேல் வைத்த உள்ளங்கையில் மட்டும் அது ஓடியது.

அந்த ஓட்டம் அப்புறம் கையை விட்டுப் போகவே இல்லை. செக்கிங் மேசையில் காலர் தடவும்போது வரும். சர்ச்சில் கை கூப்பினால் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வரும். காலை ரயிலில் மகளிர் பெட்டியில் வயதான பெண் யார் ஏறினாலும் அவள் கண் முன்கைக்குப் போகும். அங்காளம்மாளுக்கு இடது முன்கையில் பச்சை குத்தியிருக்கும், தேய்ந்து போன ஒரு தேள். இரண்டு வருடத்தில் எத்தனையோ கையைப் பார்த்துவிட்டாள். ஒருநாள் குரோம்பேட்டையில் இறங்கிய ஒருத்தி நடைமேடையில் நின்று, ஜன்னல் வழியாக இவளையே பார்த்தாள். கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். ரயில் கிளம்பிவிட்டது. இறங்க வேண்டிய சானடோரியம் முன்பே கடந்துபோய்விட்டது என்பதே ரத்தினபாய்க்குப் பல்லாவரத்தில்தான் உறைத்தது.

போன வாரம் தனசேகர் மாடியேறி வந்தான். வாசலில் நின்றபடியே, "மறுபடி படம் போடு மச்சான்," என்றான்.

ஆபேல் முடியாது என்றான்.

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு என்னால வீட்டுல உக்கார முடியலடா. பின்கதவையே பார்த்துக்கிட்டு இருக்கேன். சரிதா என்னைப் பார்த்து பயப்படுறா. நீ போடலைன்னா நான் விக்கி வீட்டுக்குப் போவேன். அங்க பேய்ப் படம்தான்."

ஆபேல் சிரித்துவிட்டான். அப்படி அவன் சிரித்து ரத்தினபாய் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

நேற்று மூன்று மணிக்கு மூவரும் வந்து உட்கார்ந்தார்கள். டி.வி. மேலிருந்த துண்டை விக்கிதான் எடுத்தான். போனை எல்லோரும் அவரவர் மடியிலேயே வைத்துக்கொண்டார்கள். ரத்தினபாய் ஸ்டூலை எடுத்துப் போட்டாள்.

விக்கி போனில் பெயர்ப் பட்டியல் எழுதி வந்திருந்தான். "சார், ஒரு வங்காளப் படம் கீது. செம. துப்பறியுற ஆளே கண்ணு தெரியாத வாத்தியாரு. இன்னொண்ணு நம்ம தமிழ்தான், ஓடவே இல்ல, ஆனா வூட்டுல பாக்க சூப்பர். போஸ்ட் ஆபீஸ்ல கொலை. அப்பறம் ஒண்ணு, ஒரு அம்மா காணாமப்…"

அவன் நிறுத்திக்கொண்டான்.

"சொல்லு விக்கி," என்றான் தனசேகர். "பரவாயில்ல. நல்லா இருக்குமா?"

"நல்லா கீதுன்னுதான் சொன்னாங்க அண்ணா. அத்த வுடுங்க."

"கிடைச்சிடுறாங்களா?"

விக்கி போனை மடியில் கவிழ்த்து வைத்தான்.

தனசேகர் சோபாவில் சாய்ந்தான். "எனக்கு இந்த மாதிரி படத்துல கொலைகாரன்மேலகூட கோபம் வராது. ஒருத்தன் இருப்பான் பாரு. கேட்டிருப்பான், இல்ல பார்த்திருப்பான். வாயே திறக்க மாட்டான். கடைசி பத்து நிமிஷத்துலதான் சொல்லுவான். அவனைத்தான் எனக்குப் பிடிக்காது. நம்ம விஷயத்துல அப்படி ஒருத்தர் இல்லையேன்னு நினைச்சுக்குவேன். யாருக்கும் கேட்கலை. அது ஒண்ணாலதான் எனக்குத் தூக்கமே வருது."

ரத்தினபாய்க்கு உள்ளங்கையில் அந்த அதிர்வு ஓட ஆரம்பித்தது. அவன் அப்படியே நம்பிக்கொண்டு தூங்கட்டும் என்று ஒரு மனம் சொன்னது. தையல் தப்பிய சட்டையைத் தெரிந்தே பெட்டிக்குள் அனுப்புகிறாய் என்று இன்னொரு மனம் சொன்னது. சொன்னால் தனசேகர் இந்த வீட்டுப் படி ஏற மாட்டான். தம்பிக்கு இருக்கிற ஒரே சிநேகிதன் அவன்.

"எனக்குக் கேட்டுச்சு தனசேகரு," என்றாள்.

மூவரும் திரும்பினார்கள்.

"அன்னைக்கு போன் அதிர்ந்தது எனக்குக் கேட்டுச்சு."

விக்கி, "அக்கா, நீங்க வேற," என்று ஆரம்பித்தான். தனசேகர் கையை நீட்டி அவனை நிறுத்தினான். அவன் குரல் மாறிப்போயிருந்தது. அவனுக்குப் பிடித்த படங்களில் ஸ்டேஷனுக்குள் உட்கார்ந்து கேட்கிறவர்களின் குரல் அது.

"எத்தனை தடவை?"

"மூணு தடவை."

"முதல் தடவை?"

"ஃபிரிட்ஜுன்னு நினைச்சேன்."

"ரெண்டாவது?"

"போன்னு தெரிஞ்சிடுச்சு."

"மூணாவது தடவை அம்மா அந்த ஸ்டூல்லதான் உக்கார்ந்திருந்தாங்க. ஜெயவேலு சொல்லியிருக்காரு. அப்போ நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"சத்தம் வெளிய வரக் கூடாதுன்னு அடியில பிடிதுணி வெச்சிட்டேன். மூடிமேல கை வெச்சிருந்தேன்."

"எடுத்துப் பேசலாமேன்னு தோணலையா அக்கா?"

"ஆபேல் சொன்ன சட்டம். அதை மீறினா அவன் மனசு கஷ்டப்படும்னு நினைச்சேன்." பிறகு, "அவன் அவ்வளவு சந்தோஷமா பார்த்துக்கிட்டு இருந்தான்," என்றாள்.

தனசேகர் எழுந்தான். "பதினோரு காப்பகம் என்கூட வந்தீங்க. ஒவ்வொரு வாசல்லயும் எனக்கு முன்னாடி ஜெபம் பண்ணீங்க."

"ஆமா."

"தெரிஞ்சேதான் வந்தீங்க."

"தெரிஞ்சேதான்."

தனசேகர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான். விக்கி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "நான் அண்ணனைப் பாக்குறேன்" என்று பின்னாலேயே போய்விட்டான்.

ஆபேல் அசையாமல் உட்கார்ந்திருந்தான். தம்பி திட்டட்டும் என்று ரத்தினபாய் காத்திருந்தாள். வளர்த்த பிள்ளையிடம் திட்டு வாங்குவது அவளுக்குப் புதிது. அதற்கும் தயாராகத்தான் நின்றாள்.

"அக்கா, எனக்கும் கேட்டுச்சு," என்றான் ஆபேல்.

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"முதல் ரெண்டு தடவை கேட்டுச்சு. ஸ்கூலா இருக்கும்னு நினைச்சேன். நானே போட்ட சட்டத்தை நானே மீறினா விக்கி ஓட்டுவான். இன்னும் கால் மணி நேரம்தானேன்னு விட்டுட்டேன். மூணாவது வரலை. நின்னுடுச்சு, அவசரம் இல்லபோல இருக்குன்னு நிம்மதியா படத்தைப் பார்த்தேன்."

"ரெண்டு வருஷமாச்சேப்பா."

"நீயும் சொல்லலையே."

அடுத்தடுத்த அறையில் படுத்து, ஒரே வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டு, அதே சத்தத்தை இருவரும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அவனுக்குத் தெரியக் கூடாது என்று அவளும், அவளுக்குத் தெரியக் கூடாது என்று அவனும். சர்ச்சில் அவனைப் பற்றி இத்தனை காலம் சொன்னதெல்லாம் ரத்தினபாய்க்கு ஒருதடவை மனதில் வந்து போயிற்று.

"போய்ச் சொல்லு," என்றாள்.

"இப்பவா? நீ சொன்னதையே தாங்க முடியாமப் போறான்."

"இப்பத்தான். இல்லன்னா நான் மட்டும்தான்னு நினைச்சுக்குவான். அதுவும் பொய்தான் ஆபேல். அதையும் வெச்சிக்கிட்டு என்னால இருக்க முடியாது."

அவன் சட்டையை மாட்டினான். பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தான். அவள் சரிசெய்யப் போகவில்லை. படியிறங்கும் சத்தம் கேட்டது.

பால்கனிக்கு வந்து பார்த்தாள். தனசேகர் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. ஸ்டேஷன் ரோட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தான். விக்கி பின்னால் வண்டியை உருட்டிக்கொண்டு போனான். ஆபேல் ஓடினான். பள்ளியில் விளையாட்டு நாளில்கூட ஓடாதவன். தெருமுனையில், மின்கம்பத்துக்குப் பக்கத்தில் போய்த் தனசேகரைப் பிடித்தான். எதிரில் நின்று பேசினான். ஒருதடவை கையை நெஞ்சில் வைத்துக்கொண்டான். தனசேகர் கேட்டுக்கொண்டே நின்றான். அப்புறம் ஆபேலின் தோளைப் பிடித்து விலக்கினான். அடித்தான் என்றும் சொல்ல முடியாது, தள்ளினான் என்றும் சொல்ல முடியாது. விலக்கிவிட்டு மேலே நடந்தான்.

ஆபேல் அங்கேயே நின்றான். பிறகு அவனும் அதே பக்கம் நடக்க ஆரம்பித்தான், பத்தடி பின்னால். முன்னால் போகிறவன் திரும்பவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மூன்று பேரும் ஸ்டேஷன் ரோட்டில் திரும்பி மறைகிறவரை ரத்தினபாய் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கம்பி வெயிலில் சுட்டது. அவள் கையை எடுக்கவில்லை.