கணக்கு டீச்சர் படகேறிய நாள்

எங்கள் தீவில் யாரைக் கேட்டாலும் கணக்கு டீச்சரைப் பற்றி ஒரே பாட்டுதான் பாடுவார்கள். மற்ற வாத்தியார்கள் எல்லாம் மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடினார்கள், இவர் மட்டும் பிள்ளைகளே கதி என்று இங்கேயே கிடந்தார் என்று. கேட்கும்போது எனக்கு நாக்கு துறுதுறுக்கும். படகு ஓட்டுகிறவனுக்குத்தானே உண்மை தெரியும். அந்த அம்மாவுக்குத் தண்ணீர் என்றால் குலைநடுக்கம்.

வேலையில் சேர அவர் வந்த அன்று, என் அப்பா ஓட்டிய படகு நடுக்கடலில் என்ஜின் நின்று, பொழுது சாயும்வரை அலையில் கிடந்து ஆடியது. அன்று இறங்கியவர்தான், பிறகு படகேறவே இல்லை. மூக்குக்கண்ணாடி வாங்குவதென்றால்கூட நான்தான் கடைக்காரரிடம் கெஞ்சி, பிரேம்களைப் பையில் அள்ளி வந்து காட்ட வேண்டும். அவருடைய அம்மா இறந்த செய்தி வந்தபோது படகுத்துறைவரை வந்தார். அதற்குமேல் கால் நகரவில்லை. படிக்கட்டிலேயே உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். ஊரோ, "பரீட்சை நேரம்னு பெத்தவ முகத்தைக்கூடப் பாக்கப் போகல, பாத்தியா!" என்று மெச்சியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வலை வைக்கும் கொட்டகையில் தொடங்கிய பள்ளி அது. பிறகு கட்டடம் வந்தது, பத்தாம் வகுப்பு வந்தது, அதில் கணக்கில் கோட்டைவிட நானும் வந்தேன். மீன்பாடு குறையக் குறைய குடும்பங்கள் அக்கரைக்குக் குடிபோயின. போன புயல் கூரையையும் பெயர்த்துக்கொண்டு போனது. மிச்சமிருக்கும் நாலு பிள்ளைகளுக்கு எதற்குப் பள்ளி என்று மேலிடம் பூட்டச் சொல்லிவிட்டது. இனி அவர்கள் தினமும் படகில் அக்கரைப் பள்ளிக்குப் போய்வர வேண்டும். டீச்சருக்கும் அங்கேதான் மாற்றல். தங்க ஓர் அறையும் கொடுத்திருந்தார்கள்.

பள்ளியைப் பூட்டிய அன்று பெண் பிள்ளைகளின் தாய்மார்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"டீச்சர், நீங்க கூட இருந்தா அனுப்புறோம். இல்லைன்னா வீட்டோட இருக்கட்டும். புயலைப் பாத்ததுலேருந்து எங்களுக்கு ஈரக்குலை நடுங்குது."

"எனக்கும்..." என்று தொடங்கியவர் மென்று விழுங்கினார். "வரேன்."

மறுநாள் துறையில் என்னைத் தனியே கூப்பிட்டார். முகத்தில் ஈயாடவில்லை. "ஒரே ஒரு தடவை, கண்ணை மூடிக்கிட்டு வந்துடறேன். அப்புறம் அந்தக் கரையிலயே இருந்துக்கறேன். பிள்ளைங்களுக்கும் பழகிடும்."

வழி முழுக்கக் கண்ணைத் திறக்கவில்லை. படகு ஒரு பக்கம் சாயும்போதெல்லாம் தொண்டைக்குள் ஒரு சத்தம் வந்தது. பிள்ளைகள் அவரையே பார்த்து மிரண்டிருந்தார்கள். எனக்கும் பயம் தொற்றிக்கொண்டது, அதுவரை நான் அந்தக் கடலைப் பார்த்துப் பயந்ததே இல்லை.

மாலையில் பள்ளி விட்டபோது காற்று வலுத்துவிட்டது. பிள்ளைகள் படகில் ஏறி உட்கார்ந்தார்கள். டீச்சர் வழியனுப்ப அக்கரைத் துறையின் படிக்கட்டில் மேலே நின்றார்.

"நீங்க வரலையா டீச்சர்?" என்றாள் பெரியவள். "நீங்க இல்லாம போய் இறங்கினா, நாளைலேருந்து எங்கம்மா விடமாட்டாங்க."

டீச்சர் என்னைப் பார்த்தார். "காத்து அடங்குமா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இன்னும் ஏறும், டீச்சர்."

ஒரு படி கீழே இறங்கினார். பிறகு பிள்ளைகளிடம் சொன்னார்: "எனக்குத் தண்ணின்னா பயம்டி. எங்கம்மா செத்ததுக்குப் போகாதது பரீட்சைக்காக இல்ல. படகுல ஏறப் பயந்துதான் போகல."

எல்லோரையும்விடச் சின்னவள்தான் மெதுவாக நகர்ந்து இடம் விட்டாள். "நடுவுல உக்காருங்க டீச்சர். இங்க தண்ணி தெறிக்காது."

அவர் படகின் விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு இறங்கி வந்து உட்கார்ந்தார். "எடுப்பா," என்றார் என்னிடம். "நாளைக்குக் காலைலயும் எனக்கு இதே இடத்தை வச்சிரு."