கார்டில் விட்டுப்போன பெயர்

இன்று காலை எங்கள் வானொலி நிலையத்தில், நான் பேசும் மைக்குக்குப் பக்கத்தில் யாரோ ஊதுபத்தி ஏற்றி வைத்திருந்தார்கள். அந்த வாசனையோடு நீலசந்திராவில் நாங்கள் இருந்த லைன் வீடுகளும், நாள் முழுக்கப் பலகையில் பத்தி உருட்டும் பெண்களும், அவர்களுக்கு நடுவே பத்தி மாவின் கரித்தூள் படிந்து பாடிக்கொண்டிருந்த ஒற்றை ரேடியோவும் வந்துவிட்டன. ரேடியோவுக்குப் பாட்டுக் கேட்டுப் போடும் தபால் கார்டை நான்தான் எழுதுவேன், எல்லாரும் தமிழ் பேசினாலும் அந்த முற்றத்தில் அதை எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

“டேய், என் பேர முதல்ல போடு, உங்கம்மா எங்க ஓடிடப் போறா?” என்று பக்கத்து வீட்டு மேரியக்கா அதட்டுவாள். அப்படி எல்லார் பெயரையும் எழுதிய ஒரு கார்டில் அம்மாவின் பெயருக்கு இடமில்லாமல் போயிற்று, அந்தக் கார்டைத்தான் ரேடியோவில் அறிவிப்பாளர் அம்மா படித்தார். கடைசிப் பெயர் வரைக்கும் அம்மாவின் கை பலகையில் அசையாமல் இருந்தது.

“போவுது விடுடா, நீ எழுதுனத அந்தம்மா திக்காம படிச்சாங்கல்ல” என்றாள், மறுபடி உருட்டத் தொடங்கினாள்.

அந்த வீடுகளை இடித்து அபார்ட்மென்ட் கட்டிவிட்டார்கள். அம்மாவும் இல்லை. இப்போது நேயர்கள் போனில் பெயர்களை அடுக்கி முடித்ததும் நான் கேட்கிறேன்: “அம்மா பேரு சொல்லலியேங்க?”