பச்சையில் நின்ற முள்

காரிமங்கலத்தில் பொக்லைன் மெக்கானிக் சின்னப்பன் என்று கேட்டால், சந்தைக்குப் புளி விற்க வந்தவர்கூட ஷெட்டுக்கு வழி சொல்லுவார். எண்பதுகளில் இந்தப் பக்கம் மண் வெட்டிய பொக்லைன்கள் எல்லாமே பழசுதான். எங்கேயோ அணை வேலையிலும் சுரங்கத்திலும் நொந்து நூலாகி ஏலத்தில் வந்தவை. வாங்கியவனுக்கு ஓட்டத் தெரியும். மீட்டரில் முள் சிவப்பில் படுத்துவிட்டால் மட்டும் கையும் ஓடாது, காலும் ஓடாது. உடனே சின்னப்பனுக்கு ஆள் விடுவார்கள். அவரும் எந்த ஊருக்கும் பஸ் ஏறிவிடுவார். இண்டூர்ப் பக்கம் கூப்பிட்டால் மட்டும் போக மாட்டார். அதற்கு ஒரு காரணம் உண்டு.

சும்மா சொல்லக் கூடாது, மனுஷர் கெட்டிக்காரர். எஞ்சினின் பக்கவாட்டில் கட்டைவிரல் அளவு பித்தளை உருப்படி ஒன்று இருக்கும். உள்ளே ஆயில் எவ்வளவு அழுத்தத்தில் ஓடுகிறது என்று மீட்டர் முள்ளுக்குச் சொல்வது அதன் வேலை. புத்தகத்தில் சென்சார், ஷெட்டில் யூனிட். பழைய வண்டிகளில் பாதி நேரம் எஞ்சின் நன்றாகத்தான் இருக்கும், யூனிட்தான் பொய் சொல்லும். சின்னப்பன் அதன் ஒயரைப் பிடுங்கி எஞ்சின் இரும்பில் தொட்டுப் பார்ப்பார். முள் எகிறினால் ஒயர் சரி, யூனிட் போச்சு. அப்புறமும் அவருக்குச் சந்தேகம் தீராது. யூனிட்டைக் கழற்றிவிட்டு அதே ஓட்டையில் தன் கை மீட்டரை முறுக்கி, அழுத்தத்தை நேராகவே பார்ப்பார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பார்.

எண்பத்தாறில், மாசி மாதம், இண்டூரிலிருந்து கிருஷ்ணப்பன் என்ற விவசாயி வந்தார். கிணற்றோடு சேர்த்து மூன்று ஏக்கரை விற்று, ஏலத்தில் ஒரு பொக்லைன் எடுத்திருந்தார். ஏரி தூர் வாரும் வேலையும் பேசியாகிவிட்டது.

“சூடேறினா அடியில டக்கு டக்குன்னு ஒரு சத்தம் வருதுங்க மேஸ்திரி. ஆனா எஞ்சின்ல ஒண்ணும் இருக்காது. ஆயில் முள்ளு பச்சையிலயே நிக்குது, இம்மி அசையலீங்க. ஏலத்துல அதப் பாத்துத்தான எடுத்தேன்” என்றார்.

இம்மி அசையவில்லை என்றதும் சின்னப்பனுக்கு உறுத்தியது. ஓடுகிற எஞ்சினில் முள் எப்படி அசையாமல் நிற்கும்?

இண்டூர் ஏரிக்கரையில் வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. பூஜை போட்ட மாலை காய்ந்து தொங்கியது. சின்னப்பன் ஏறி உட்கார்ந்து சாவியைப் பாதி மட்டும் திருப்பினார். எஞ்சின் ஓடவில்லை. ஆனால் முள் எழுந்து நடுப் பச்சையில் போய் நின்றுகொண்டது. ஓடாத எஞ்சினுக்கு ஏது அழுத்தம்? எவனோ படுபாவி முள்ளைக் கட்டி வைத்திருக்கிறான் என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே மீட்டர் தகட்டைக் கழற்றினார்.

பின்னால், யூனிட்டுக்குப் போகும் ஒயரை வெட்டிவிட்டு, ஒரு சின்ன ரெசிஸ்டன்ஸைச் சேர்த்திருந்தார்கள். அது இருக்கும்வரை எஞ்சின் செத்தாலும் முள் பச்சையில்தான் நிற்கும். இணைப்பின் மேல் சைக்கிள் ட்யூப் பட்டை. பட்டையின் மேல் பழுப்புக் கயிறு, மூன்று சுற்று, மூன்று முடிச்சு.

அது உத்தரியக் கயிறு, வேதக்காரர்கள் மாதா பேரில் கழுத்தில் போட்டுக்கொள்வது. ஒரு காலத்தில் சின்னப்பன் கழுத்திலேயே கிடந்தது, முடிச்சும் அவர் போட்டதுதான்.

ஐந்து வருடத்துக்கு முன் ஓர் அணைக்கட்டு வேலையில் இதே வண்டிதான். அப்போது மஞ்சள், இப்போது நீலப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். யூனிட் செத்து முள் படுத்துவிட, வண்டியை எடுக்க மாட்டேன் என்று டிரைவர் உட்கார்ந்துவிட்டான். புது யூனிட் வர மூன்று மாதம் ஆகும். மழைக்கு முன் கரை எழும்ப வேண்டும் என்று சூப்பர்வைசர் உயிரை எடுத்தார். சின்னப்பன் கை மீட்டர் வைத்துப் பார்த்தார். அழுத்தம் அருமையாக இருந்தது. யூனிட் வரும்வரைக்கும்தானே என்று முள்ளைக் கட்டினார். கையில் டேப் இல்லை. கழுத்து உத்தரியம் அன்றுதான் அறுந்திருந்தது. சாமியார் மந்திரித்த பொருளைக் கண்ட இடத்தில் எறியக் கூடாது, எரிக்க வேண்டும், இல்லாவிட்டால் புதைக்க வேண்டும். எறிவதற்குப் பதில் அந்தக் கயிற்றால் ஒயரைக் கட்டினார். மாதாவும் வண்டியைப் பார்த்துக்கொள்வாள் என்று ஒரு நினைப்பு வேறு. பெரிய புண்ணியம் செய்துவிட்டவர் மாதிரி அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார், மகராசன். யூனிட் வருவதற்குள் வேலையை விட்டு ஊருக்கு வந்துவிட்டார். முள்ளைக் கட்டியிருக்கிறேன் என்று ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

இப்போது அவசர அவசரமாகக் கயிற்றை அறுத்து, ரெசிஸ்டன்ஸோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கீழே இறங்கிக் கை மீட்டரை மாட்டி எஞ்சினை ஓடவிட்டார். ஆயில் குளிர்ந்திருக்கும்வரை அழுத்தம் தாக்குப்பிடித்தது. சூடேற ஏற, இறங்கி இறங்கி அடியில் போய்ப் படுத்தது. டக்கு டக்கு. எஞ்சினை நிறுத்தி, கொஞ்சம் ஆயிலை வடித்து உள்ளங்கையில் தேய்த்தார். உலோகப் பொடி மினுமினுத்தது. பேரிங் கரைந்து ஆயிலில் கலந்திருந்தது. அது தாங்கும் கிராங்கும் போயிருக்கும், கிராங்க் போனால் எஞ்சினே போன மாதிரி. எத்தனை மாதம் அழுத்தமே இல்லாமல் ஓடியதோ, சொல்ல முள் இல்லை.

“என்னங்க, யூனிட்டா?” என்று கேட்டார் கிருஷ்ணப்பன்.

“யூனிட் போயிருக்குதுங்க.” அது பொய்யும் இல்லை.

“அப்ப சின்ன வேலதான். நாளைக்கி மண்ணு எடுத்தறலாம். வூட்ல பாஞ்சாலி பயந்துக்கிட்டே கெடக்கறா, ஒரு வார்த்த சொல்லிட்டு வந்தர்றேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு மனைவியிடம் சொல்லக் கிளம்பினார்.

கரையில் பத்து எட்டு நடந்துவிட்டார். இப்படியே விட்டால் என்ன? பழைய எஞ்சின், தேய்ந்துவிட்டது என்று நாளைக்குச் சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? காரிமங்கலத்தில் பேரும் கெடாது. சின்னப்பனுக்கு அந்த ஆசை நன்றாகவே வந்தது. சட்டைப் பையில் கயிறு மட்டும் முள்ளாகக் குத்தியது.

“அண்ணா, நில்லுங்க.”

கிருஷ்ணப்பன் திரும்பி வந்தார்.

“எஞ்சினே போச்சுங்கண்ணா. முள்ளு நெசத்தச் சொல்லல. அதக் கட்டி வெச்சது நாந்தான்.” கயிற்றை எடுத்துக் காட்டினார். அணைக்கட்டிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னார்.

கிருஷ்ணப்பன் வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினார். முள் எழவே இல்லை.

“நான் பிரிச்சுப் பாக்கறேங்கண்ணா. கூலி வேண்டாம். எத்தன நாளானாலும் இங்கியே கெடக்கறேன்.”

“இந்த மாடலுக்குக் கிராங்கு கெடைக்குதுங்களா?”

“கெடைக்காதுங்கண்ணா” என்றார் சின்னப்பன். கிருஷ்ணப்பன் இறங்கி, காய்ந்த மாலையைக் கழற்றிக் கரையோரம் வைத்தார்.

“நீங்க சொல்லாமயே போயிருக்கலாம் மேஸ்திரி. பழைய எஞ்சினு, நம்ம நேரம்னு தேத்திக்கிட்டிருப்பேன். இனிமே நான் வித்த அந்தக் கெணத்தத் தாண்டிப் போறப்பல்லாம் உங்க மொகமில்ல வரும்.”